நாள் பிழை

பலீல் கொண்டு வந்தது வெறும் பெட்டி. அதை அவன் ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்ததுமே மர்லியாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தங்கை வீட்டுக்கு விருந்து வரும் அண்ணன் பெட்டியை நிறைத்துக்கொண்டு வருவான். வெறும் பெட்டியோடு வருகிறவன் அதை இங்கே நிறைத்துக்கொண்டு போகத்தான் வருகிறான்.

"என்ன தங்கச்சி, ஸலாத்துக்குப் பதிலையும் காணோம்?"

"வஅலைக்குமுஸ்ஸலாம் நானா. வாங்க. பண்டாரவளை பஸ் ஓடுதா?"

"எனக்காக ஓடிச்சு. இண்டைக்கு இஷாத் தொழுகைக்குப் பிறகு கர்பியு, தெருவுல இறங்கேலாது எண்டு சொல்றாங்க. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் ரெண்டு பேருமாத் திரும்பிருவோம்."

உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். பலீல் எப்போதும் அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவன், நல்லவன்.

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பக் கிடைக்காதவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

பதுளை பஸார் வீதியில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் ரஹ்மத்தும்மாவுக்கு நஸீர் ஒரே பிள்ளை. மர்லியா அவன் மனைவி. கடையைப் பார்க்கச் சொன்னால் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நஸீர். அப்படியொரு சாமானைப் பதுளையில் அதிகம் பேர் கண்டிராத காலம். கொழும்பிலிருந்து ஒன்றை வாங்கி வந்து மாடி அறையில் வைத்தான். வகுப்பு நடத்த இன்னொன்று வேண்டும் என்று போன வருடக் கடைசியில் மறுபடி கொழும்புக்குப் போனான். அவன் போன பிறகு காலம் கெட்டது. கடையைத் திற என்று ஒரு கூட்டம், பூட்டு என்று ஒரு கூட்டம், ராத்திரியில் கதவைத் தட்டி ஆளைக் கொண்டுபோக ஒரு கூட்டம். பஸ் ஓடினால் ரயில் ஓடாது. ரயில் ஓடினால் டெலிபோன் வேலை செய்யாது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் கொழும்பிலிருந்து கடை டெலிபோனுக்கு ட்ரங்க் கோல் வந்தது. எடுத்தவன் வேன் ஓட்டும் வீரய்யா. மண்சரிவினால் ரயில் தெமோதரையோடு நின்றுவிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே வேனோடு வந்து நிற்க வேண்டும் என்று சின்ன முதலாளி சொன்னதாக அவன் மாடிக்கு ஓடி வந்து சொன்னான். சொன்னபடியே வெள்ளிக்கிழமை ராத்திரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெமோதரை ஸ்டேஷன் வாசலில் விடிய விடிய நின்றான். ரயில் வந்தது. நஸீர் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. ஏழெட்டு மாதமாகிவிட்டது.

கொழும்பில் மருதானைப் பக்கம் அவனை ஒரு பெண்ணோடு கண்டதாக ஒரு பேச்சு மட்டும் மலையேறி வந்து சேர்ந்தது. கண்டவன் ஒருவன் என்றால் கண்டதாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர்.

"நான் காதியாரோட பேசிட்டேன்" என்றான் பலீல். "பஸஹ் கேக்கலாமாம். புருஷன் கைவிட்டுப் பேய்ட்டான், பிரிச்சுத் தாங்க எண்டு நீ வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"மெதுவா நானா. மாமிக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. நான் அவங்கட மகனைத் திட்ட வரல்ல. கேள்வி ஒண்டுதான். வர நினைச்ச மனுஷன் வாக்குக் கொடுத்துட்டு வராம இருப்பானா? செத்திருந்தா மையத்தாவது கிடைச்சிருக்கும். கொழும்புல ஆஸ்பத்திரி, மறியல்சாலை எண்டு நாங்க தேடாத இடமா?"

திரைச்சீலைக்குப் பின்னால் ரஹ்மத்தும்மாவின் தஸ்பீஹ் மணி உருள்கிற சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மர்லியா அதே கேள்வியைத் தனக்குள் கேட்காத நாளில்லை. செத்துவிட்டார் என்றால் அழலாம், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கலாம், வெள்ளை உடுத்தலாம். வருவார் என்றால் காத்திருக்கலாம். வேண்டாம் என்று விட்டுப் போனவருக்காக எதை இருப்பது? மனைவியுமில்லை, விதவையுமில்லை. ஊர்ப் பெண்கள் அவளிடம் துக்கம் விசாரிப்பதா சுகம் விசாரிப்பதா என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அப்போது உள்ளறையிலிருந்து 'கீ… கீ… கீ…' என்று ஒரு சத்தம் வந்தது.

பலீல் துள்ளி எழுந்தான். "என்னது அது?"

"லுஹருக்கு வக்து நானா. மோதினார்."

பள்ளியில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவரை மோதினார் என்போம். இது நஸீர் எழுதிய ஒரு சின்ன புரோகிராம். வேடிக்கைக்காக அந்தப் பெயரை வைத்திருந்தான். கம்பியூட்டரைப் போடும்போது ஒரு தரம் எழுப்பிவிட்டால் போதும். பிறகு அது திரையில் எங்கேயும் தெரியாது. நீங்கள் கணக்குப் பார்க்கலாம், கடிதம் அடிக்கலாம். அது பின்னால் மறைந்து உட்கார்ந்துகொண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொழுகை வக்து வந்ததும் குரல் கொடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருந்துகொண்டு நேரத்துக்குக் குரல் கொடுப்பது என்றால், அந்த வீட்டில் நஸீரும் அப்படித்தான் இருந்தான். ரஹ்மத்தும்மா அந்தச் சத்தம் கேட்டால்தான் தொழுகைப் பாயை விரிப்பார். பள்ளிப் பாங்கு காதில் விழுந்தாலும் இது கேட்கும் வரைக்கும் எழும்ப மாட்டார். மர்லியா தினமும் காலையில் அதை எழுப்பிவிடுவாள். இரவில் இஷாச் சத்தம் வந்த பிறகு அணைத்துவிடுவாள். அவன் போன பிறகு ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பலீல் அந்த அறையை எட்டிப் பார்த்தான். அரையிருட்டில் பச்சைத் திரை தனியாக மினுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. அவன் உள்ளே கால் வைக்கவில்லை.

"நீ மனுஷனோட குடும்பம் நடத்துறியா தங்கச்சி, இந்தப் பெட்டியோட நடத்துறியா?"

அது சுருக்கென்று தைத்தது. உண்மை தைக்கத்தானே செய்யும்?

"இஷாவுக்குப் பிறகு பதில் சொல்றேன் நானா" என்றாள் மர்லியா.

பகல் சாப்பாடு முடிந்து பலீல் கடைத்தெருப் பக்கம் இறங்கியதும், அவள் அந்தப் பெட்டியைத் திறந்து இரண்டு சேலைகளை எடுத்து வைத்தாள். கோபம்தான் வைத்தது. மருதானைப் பெண் நிஜமோ பொய்யோ, அவள் முகத்தை மர்லியா எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பாள்! எந்த விதத்திலும் அந்த முகம் அழகாகவே இருந்தது. வருகிறேன் என்று சொல்லாமலே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திராது. சோறும் ஆணமும் ஆக்கி வைத்து, தலை சீவி, விடிய விடிய ஜன்னலோரம் நின்றவள் அவள். மூன்றாவது சேலையையும் எடுத்து வைத்தாள்.

அவள் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. பச்சைத் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சத்தம் வரவில்லை. பள்ளியில் பாங்கு சொல்லி முடிந்து வெகு நேரமாகியும் ரஹ்மத்தும்மா பாயைச் சுருட்டியபடி மடியில் வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மர்லியா தோளைத் தொட்டு, "வக்து போகுது மாமி" என்ற பிறகுதான் எழுந்தார்.

பொழுதுபடும் மஃரிபுக்கும் அப்படியே. மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. கீழே பஸார் வீதியில் ஒவ்வொரு கடையாகப் பலகை போடுகிற சத்தம் கேட்டது. தொழுது முடித்து மர்லியா ஸலாம் கொடுத்த நேரத்தில் கரண்ட் வந்தது.

"மகள், அதைப் போடுங்க" என்றார் ரஹ்மத்தும்மா.

"இனி என்னத்துக்கு மாமி? இஷா மட்டும்தானே மிச்சம். நாளைக்குக் காலையில போடுறேன்."

"நாளைக்கு நீங்க பேய்ட்டா அதை யார் போடப் போறா?"

குற்றம் சொல்லும் குரலில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கும் குரல். மர்லியாவுக்கு முகம் சுட்டது. பெட்டிக்குள் இருந்த மூன்று சேலையையும் மாமி பார்த்திருக்கிறார்.

"போறேன் எண்டு நான் இன்னும் சொல்லல்லயே மாமி."

"போனாக் குத்தமில்ல மகள். நீங்க சின்னப் புள்ள. இண்டைக்கு ஒரு தரம் இஷாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேக்க வைங்க. பிறகு அல்லாஹ்ட காவல்."

மர்லியா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும், இன்று எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி என்று அடம்பிடிக்கும். சரியான திகதியையும் நேரத்தையும் நாம்தான் அடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். மோதினாரைக் கூப்பிட்டாள். 'இன்று என்ன கிழமை?' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் கேட்டது திரை.

இந்தக் கேள்வி அவளால் வந்தது. ஆரம்பத்தில் ஒரு தரம் அவள் திகதியை நம் வழக்கப்படி நாள் முதலிலும் மாதம் பிறகுமாக அடித்துவிட, அது வேறு ஏதோ மாதத்து நேரத்துக்கு விடியற்கால ஸுபஹ் சொல்லி வீட்டையே எழுப்பிவிட்டது. "அமெரிக்காக்காரன் செஞ்ச பெட்டி, அவனுக்கு மாசம்தான் முந்தி" என்று நஸீர் சிரித்தான். அன்றைக்கே இந்தக் கேள்வியைச் சேர்த்தான். திகதிக்கும் கிழமைக்கும் பொருந்தாவிட்டால் மோதினார் எழும்ப மாட்டார்.

'வியாழன்' என்று அடித்தாள்.

'நாள் பிழை. மோதினார் எழும்பவில்லை.'

கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மாதம், நாள், வருடம் என்று சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தாள். வியாழன்தான். சந்தேகமில்லை.

'நாள் பிழை. மோதினார் எழும்பவில்லை.'

வாசலில் ரஹ்மத்தும்மா வந்து நின்றார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. மர்லியாவின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"என்ன மகள் சொல்லுது?"

"ஒண்டுமில்ல மாமி. டிஸ்க்குல ஈரம் பட்டிருக்கும்."

மலைநாட்டு ஈரத்துக்கு இந்த டிஸ்க்குகள் பூஞ்சணம் பிடிக்கும் என்று நஸீர் அவற்றை அரிசி நிறைத்த தகரப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தான். அவள் பேணியைத் திறந்து அவன் எடுத்து வைத்திருந்த பிரதியைப் போட்டுப் பார்த்தாள். அதே பதில். பெட்டியை அணைத்து ஆற விட்டுப் போட்டாள். அதே பதில். கரண்ட் குறைவாக வருகிறதோ என்று குசினி விளக்கையும் கூடத்து விளக்கையும் அணைத்தாள். வீடு முழுதும் இருண்டு, அந்த இரண்டு சொற்களும் இன்னும் பளிச்சென்று தெரிந்தனவே தவிர, மோதினார் எழும்பவில்லை.

"அவன்ட சத்தம் நிண்டு பேய்ட்டு" என்றார் ரஹ்மத்தும்மா. சொல்லிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் அமர்ந்தார். "நாள் முடிஞ்சுட்டு எண்டுதானே மகள் அது சொல்லுது? உண்மையைச் சொல்லுங்க."

"இல்ல மாமி, இல்ல. முடிஞ்சுட்டு எண்டு இல்ல. பிழை எண்டு."

மர்லியாவுக்கு அப்போது வந்தது பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. அவனே இருட்டுக்குள் எங்கோ இருந்துகொண்டு, நீ சொல்வது பிழை, பிழை என்று திரும்பத் திரும்பச் சொல்வது போலிருந்தது. நான் என்ன பிழை சொன்னேன்? வியாழக்கிழமையை வியாழன் என்றுதானே சொன்னேன்?

ஒவ்வொன்றாகப் பார் என்பான் நஸீர். ஒன்றை மாத்திரம் மாற்று, மற்றதை எல்லாம் அப்படியே விடு, எங்கே எழும்புகிறது என்று பார். சரி, நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். திகதி அதே திகதி, கிழமை அதே வியாழன். நேரம் மட்டும் காலை என்று பொய்யாக அடித்தாள்.

மோதினார் உடனே எழும்பினார்.

அவள் திடுக்கிட்டாள். மறுபடி உண்மையான நேரத்தை, பொழுதுபட்ட பிறகுள்ள நேரத்தைக் கொடுத்தாள். நாள் பிழை. அஸர் நேரத்தைக் கொடுத்தாள். எழும்பினார். மஃரிபுக்குப் பிந்திய நேரம் எதைக் கொடுத்தாலும் நாள் பிழை. பகலில் வியாழனாக இருப்பது இரவில் வியாழனாக இல்லையா? இதென்ன கூத்து? டிஸ்க்கிலும் பிழையில்லை, கரண்டிலும் பிழையில்லை. இந்த ஏழெட்டு மாதத்தில் பொழுதுபட்ட பிறகு அவள் அதை ஒருநாளும் எழுப்பிப் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தரையில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்தும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"விடுங்க மகள். எழும்பாட்டி இருக்கட்டும். இண்டைக்கு வெள்ளி இரவு. யாஸீன் ஓதுவோம் வாங்க."

மர்லியாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முஸ்லிம் வீடுகளில் வெள்ளி இரவு என்றால் வியாழக்கிழமை பொழுதுபட்டு வருகிற இரவு. பிறை பார்த்து நாள் எண்ணுகிறவர்களுக்கு மஃரிபோடு மறுநாள் பிறந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் இரவுதான் முந்தி, பகல் பிந்தி. ரஹ்மத்தும்மாவின் மகன் பெட்டிக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தான்.

சரியான நேரத்தைக் கொடுத்தாள். 'இன்று என்ன கிழமை?'

'வெள்ளி' என்று அடித்தாள்.

'மோதினார் எழும்பிவிட்டார்.'

"வந்துட்டு மாமி!" என்று கத்தினாள். ரஹ்மத்தும்மா ஓடி வந்து திரையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் இஷாவுக்கு 'கீ… கீ… கீ…' என்று அது குரல் கொடுத்தபோது, "என்ட புள்ள, என்ட புள்ள" என்று அழுதுகொண்டே பாயை விரித்தார்.

மர்லியா பாயை விரிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டாற்போல், எழும்பிய மோதினாருக்குப் பின்னால் வேறொன்று எழும்பி அவள் எதிரில் நின்றது.

நஸீர் ஒருநாளும் வியாழன் ராத்திரி என்று சொன்னவனில்லை. இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவனுக்கு அது வெள்ளி இரவு. பெட்டிக்குக் கூட அப்படித்தான். அந்த ட்ரங்க் கோலில் மட்டும் வேறு விதமாகவா சொல்லியிருப்பான்?

படிகளில் தடதடவென்று இறங்கிக் கடைக்குள் போனாள். கர்பியுவுக்குப் பயந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் வீரய்யா அன்றைக்குக் கடையிலேயே தங்கியிருந்தான். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவன், அவள் வந்த வேகத்தைப் பார்த்து எழுந்தான்.

"என்னங்கம்மா, பெரியம்மாவுக்கு ஏதும்…?"

"வீரய்யா, அவர் கோல் எடுத்தாரே, நீங்கதானே பேசினீங்க. அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்க. உங்கட சொல்லுல வேணாம்."

"அதைத்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே. வேனை எடுத்துக்கிட்டு தெமோதரைக்கு வா வீரய்யா, ரயிலு அதுக்கு மேல போகாதுன்னாரு."

"எப்ப எண்டு சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரிங்க."

"அந்தச் சொல்லையா சொன்னார்? வெள்ளிக்கிழமை ராத்திரி எண்டா?"

வீரய்யா யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். "வெள்ளி இரவுன்னாருங்க. லைன் கரகரன்னு இருந்துச்சு. ஆனா அது நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு தடவை சொன்னாரு. வெள்ளி இரவு வந்துரு, வெள்ளி இரவு வந்துருன்னு. ரெண்டும் ஒண்ணுதானுங்களேம்மா?"

இத்தனை வருஷம் முஸ்லிம் கடையில் வேலை செய்தவன். பெருநாளுக்கு என்ன சாமான், கந்தூரிக்கு என்ன சாமான் என்று முதலாளிக்கே எடுத்துக் கொடுப்பவன். ஆனாலும் மாலையானால் கடையைப் பூட்டிவிட்டு லயத்துக்குப் போய்விடுபவனுக்கு, மாடியில் எந்த இரவுக்கு என்ன பெயர் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவனுக்கு விளங்கிய தமிழில் மாற்றிச் சொன்னான். பாவம், திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்றே மாற்றினான்.

"வியாழக்கிழமை வீரய்யா" என்றாள் மர்லியா. "எங்களுக்கு வெள்ளி இரவு எண்டா வியாழக்கிழமை ராத்திரி."

ரொட்டி அவன் கையிலேயே இருந்தது.

"ஐயோ அம்மா" என்றான் கடைசியில். "அப்ப அந்த கந்தப்பன் சொன்னது…"

"யாரு கந்தப்பன்?"

"ஸ்டேஷனுக்கிட்ட தேத்தண்ணிக் கடை வச்சிருக்காருங்க. வெள்ளிக்கிழமை நான் வேன்ல குந்திக்கிட்டு இருக்கையில சொன்னாரு. நேத்தும் ஒருத்தரு இப்படித்தாம்பா வேன் வரும், வேன் வரும்னு நின்னாரு, வரலேன்னதும் ரயில் ரோட்டைப் புடிச்சு பதுளைப் பக்கமா நடந்துட்டாருன்னு. நான் காதுலயே வாங்கலீங்க. நேத்து வந்தவரு வேற யாரோ, நம்ம சின்ன முதலாளி இன்னைக்கித்தானே வரணும்னு குந்தியிருந்தேன். பாவி! குந்தியிருந்தேன்!"

கையை நெற்றியில் அறைந்துகொண்டான். மர்லியாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு அவளிடம் இடமே இல்லை. நெஞ்சு முழுக்க ஒரே ஒரு எண்ணம்தான் நிறைந்திருந்தது. அவர் என்னை விட்டுப் போகவில்லை. அந்த இருட்டில் நின்று, வேன் வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

பள்ளியிலிருந்து திரும்பிய பலீல் சின்னக் கதவால் குனிந்து உள்ளே வந்தான். பின்னால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பியவன், இருவர் முகத்தையும் பார்த்து நின்றான்.

"என்ன நடந்தது? பதில் சொல்றேன் எண்டியே தங்கச்சி."

"அவர் வந்தார் நானா. நாங்கதான் போகல்ல."

அவனுக்கு அதை விளக்கிச் சொல்ல நேரம் பிடிக்கவில்லை. வெள்ளி இரவு என்ற சொல்லைச் சொன்னதுமே பலீலின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் அவன் சட்டென்று நம்பிவிடுகிற ஆளில்லை.

"சரி. தெமோதரையில நிண்டவர் மச்சான்தான் எண்டே வச்சுக்குவோம். அங்கயிருந்து நடந்தா விடியுறதுக்குள்ள பதுளைக்கு வந்திரலாம். வந்த மனுஷன் ஏன் வீட்டுக்கு வரல்ல?"

நியாயமான கேள்வி. மர்லியா தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்தாள்.

அந்த வியாழக்கிழமை. அதை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைப்பதென்றால் வெள்ளிக்கிழமையைத்தான் நினைப்பாள், ஜன்னலோரம் நின்ற இரவைத்தான் நினைப்பாள். அதற்கு முந்திய இரவு அவளுக்குச் சும்மா ஓர் இரவு. ஊரே பயந்துகொண்டிருந்த எத்தனையோ இரவுகளில் ஒன்று.

"நானா" என்றாள். "அண்டைக்கு ஸுபஹுக்கு முந்தி, இந்தக் கதவை யாரோ தட்டினாங்க."

"எந்தக் கதவை?"

"இந்தக் கதவைத்தான். நீங்க இப்ப வந்தீங்களே, இதை. அந்த நேரத்துல யார் வருவா எண்டு நாங்க நடுங்கிப் பேய்ட்டோம். மாமி என்ட வாயைப் பொத்திட்டாங்க. நான் லாம்பை ஊதி அணைச்சேன். அவர் நாளைக்குத்தானே வாரது எண்டு இருந்தோம் நானா. மூச்சுக் காட்டாமக் கிடந்தோம். பிறகு தட்டினவர் போற காலடிச் சத்தம் கேட்டிச்சு."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கமில்ல. ஸ்பிரிங்வெளி ரோட்டுப் பக்கம்."

வீரய்யா நிமிர்ந்தான். "அது எங்க லயத்துக்கு வர்ற பாதைங்க" என்றான் மெதுவாக. "அன்னைக்கி விடியக்காலையில நான் ஆளுங்க பேரு கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் பக்கத்துல வேனைக் கழுவிக்கிட்டு இருந்தேன். வீட்டுல பெரியாயி மட்டுந்தான் இருந்துச்சு." பெரியாயி அவன் மனைவி. "யாரு வந்தாங்க, வரலேன்னு அதுக்கிட்டத்தான் கேக்கணும்" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றான் பலீல். "அந்த நாட்களில எத்தனை கதவை எத்தனை பேர் தட்டினாங்க. வந்தது யாரோ, எவரோ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரா? இல்லையே. தட்டின கையை வச்சு அது மச்சான்தான் எண்டு எப்படிச் சொல்லேலும்?"

"கூப்பிடுறதுக்கு அது என்ன காலமா தம்பி?"

மாடிப்படியின் பாதியில் ரஹ்மத்தும்மா நின்றுகொண்டிருந்தார். தொழுகை உடுப்பைக் கழற்றவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடியை இறுக்கப் பிடித்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரில்லை.

"மெதுவாத் தட்டிச்சு" என்றார். "தட்டிப்போட்டு நிண்டிச்சு. பிறகும் தட்டிச்சு. பிறகும் நிண்டிச்சு. மூணாம் தரம் தட்டிப்போட்டு, போய்ட்டு. உடைக்க வந்தவன் மூணு தரத்தோட நிப்பாட்டுவானா தம்பி?"

பலீல் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அப்படி வளர்க்கப்பட்டவன்தான்.

"ஒரு வீட்டுக் கதவை மூணு தரம் தட்டு, பதில் வராட்டி உள்ளுக்கு விருப்பமில்ல எண்டு அர்த்தம், கோவிக்காமத் திரும்பிப் போயிரு எண்டு, சின்னதுல காதைத் திருகித் திருகி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே."